மாட்டுக்குத் தராசு: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



சந்தைக்கு ஆடு மாடு ஓட்டிப் போகாத விவசாயி நம்மில் அநேகமாக இருக்க மாட்டார். மணப்பாறையோ, பொள்ளாச்சியோ, அந்தியூரோ, எந்தச் சந்தையானாலும் வியாபாரம் நடக்கிற விதம் உங்களுக்குத் தெரியும். தரகர் வருவார். மாட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். முதுகில் தட்டுவார், பல்லைப் பிடித்துப் பார்ப்பார். பிறகு துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து விரலைப் பிடித்து விலை பேசுவார். ஆடு என்றால் இடுப்பில் கை வைத்து அழுத்திப் பார்த்து, "பதினெட்டு கிலோ தேறும்" என்பார். நாமும் தலையை ஆட்டிவிடுகிறோம்.

ஒன்று கேட்கிறேன். நெல்லை இப்படிக் குத்துமதிப்பாக விற்போமா? பருத்தியை விற்போமா? ஒரு கிலோ மிளகாய்கூட தராசில் ஏறாமல் நம் வீட்டை விட்டுப் போகாது. ஆனால் வீட்டிலேயே அதிக விலை பெறுகிற சொத்தான மாட்டையும் ஆட்டையும் மட்டும் அடுத்தவர் கண்ணை நம்பி விற்கிறோம். அந்தக் கண்ணோ வாங்குகிறவருடைய கண்.

அதனால்தான் இன்றைக்குக் கால்நடைகளை நிறுக்கும் தராசைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். எந்தத் தராசை வாங்கலாம், வாங்கியதை எங்கே வைக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. இந்த இரண்டில் "எங்கே வைப்பது" என்பதுதான் பெரிய விஷயம். விலை உயர்ந்த தராசைத் தப்பான இடத்தில் வைத்தால் அது வெறும் இரும்பு. சாதாரணத் தராசைச் சரியான இடத்தில் வைத்தால் அது நமக்கு ஒரு சாட்சி. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நானே தப்புச் செய்து கற்றுக்கொண்டது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

எடை எதற்கு?

விற்பதற்கு மட்டும்தான் எடை வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதலாவது, மருந்து. குடற்புழு நீக்க மருந்தை உடல் எடையைக் கணக்கிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஒரு மருந்துக்குக் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் அளவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லி மருந்தில் 25 மில்லிகிராம் இருக்கிறது. ஆட்டின் எடை 30 கிலோ என்றால் 9 மில்லி கொடுக்க வேண்டும். நீங்கள் கண்ணால் பார்த்து 20 கிலோ என்று நினைத்து 6 மில்லி கொடுத்துவிட்டீர்கள். மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. என்ன ஆகும்? பலவீனமான புழு சாகும், பலமான புழு தப்பிக்கும். தப்பித்த புழு முட்டையிட்டுப் பெருகும். கொஞ்ச வருஷத்தில் அந்த மருந்து உங்கள் மந்தைக்கே கேட்காமல் போய்விடும். "டாக்டர், மருந்து கொடுத்தும் ஆடு தேறவில்லையே" என்று வருகிறவர்களில் பலர் செய்கிற தப்பு இதுதான். எந்த மருந்து, கிலோவுக்கு எவ்வளவு, சினையாக இருந்தால் கொடுக்கலாமா என்பதை உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள். ஆனால் எத்தனை கிலோ என்பதை நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தீனி. மாட்டுக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு உலர்தீவனக் கணக்கில் வேண்டும். அதாவது பசும்புல்லில் உள்ள தண்ணீரைக் கழித்துவிட்டு மிஞ்சுகிற கணக்கு. 300 கிலோ மாட்டுக்கு ஏழரை முதல் ஒன்பது கிலோ. கன்றுக்குப் பால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்று என்றால் இரண்டரை லிட்டர். எடை தெரியாமல் இந்தக் கணக்கெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

மூன்றாவது, வளர்ச்சி. கலப்பினக் கிடேரிக் கன்று நாளொன்றுக்கு 400 முதல் 500 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. மாதத்துக்கு 12 முதல் 15 கிலோ. ஏறாவிட்டால் புழுவா, தீனிக் குறைவா என்று உடனே பார்க்கலாம். தினமும் பார்க்கிற கன்றின் இளைப்பு நம் கண்ணுக்குத் தெரியாதுங்க. வெளியூரிலிருந்து மாமன் வந்து, "என்னப்பா, கன்று இப்படிக் கிடக்குது" என்று சொன்ன பிறகுதான் தெரியும். அதற்குள் இரண்டு மாதம் போயிருக்கும். அதுபோல, கிடேரி முதிர்ந்த எடையில் நூற்றுக்கு 60 முதல் 65 பங்கு வந்த பிறகுதான் சினை ஊசி போட வேண்டும். 400 கிலோவுக்கு வளரக்கூடிய இனம் என்றால் 240 முதல் 260 கிலோ. வயசை மட்டும் பார்த்து ஊசி போட்டு, கன்று போடும்போது கிடேரி படுகிற பாட்டை நான் எத்தனையோ கொட்டகையில் பார்த்திருக்கிறேன்.

தராசு இல்லாதவர்களுக்கு

ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர் தராசு வாங்க வேண்டியதில்லை. தையல்காரர் நாடா போதும். மாட்டைச் சமதரையில் நான்கு காலும் ஊன்றி நிற்க வையுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால், திமிலை ஒட்டி, நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அது சுற்றளவு. முன் தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்கம் வாலடியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு வரை அளந்துகொள்ளுங்கள். அது நீளம். இரண்டும் அங்குலத்தில் இருக்கட்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும்.

உதாரணம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 50 அங்குலம். அறுபதை அறுபதால் பெருக்கினால் 3,600. அதை ஐம்பதால் பெருக்கினால் 1,80,000. அதை 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 273 கிலோ. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை போட்டுக் கொடுத்துவிடும்.

ஆனால் இது உத்தேசம்தான். நூறு கிலோவுக்குப் பத்து கிலோ கூட முன்னே பின்னே போகும். மருந்துக்கும் தீனிக்கும் ஒருவகையில் சமாளிக்கலாம். விலை பேச இது சாட்சியாகாது. பத்து மாட்டுக்கு மேல் வைத்திருப்பவர், ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து குழுவாக இருப்பவர்கள், இவர்களுக்குத் தராசு தேவை.

எந்தத் தராசு?

ஆட்டுக்குட்டிக்கும் சின்ன ஆட்டுக்கும் தொங்கு தராசு போதும். மரக்கிளையிலோ உத்தரத்திலோ மாட்டி, சாக்கில் நான்கு ஓட்டை போட்டுக் கால்களை விட்டுத் தூக்கி நிறுக்கலாம். பெரிய ஆடுகளுக்கு, இரண்டு பக்கமும் கதவு வைத்த கூண்டோடு கூடிய பிளாட்பாரத் தராசு வசதி.

மாட்டுக்கு இரண்டு வகை உண்டு. ஒன்று, முழு மேடையாகவே வருகிற பிளாட்பாரத் தராசு. மற்றொன்று, லோடு பார் என்று சொல்கிற இரண்டு இரும்புத் தண்டுகள். எடையை உணரும் கருவி அந்தத் தண்டுகளுக்குள்ளேயே இருக்கும். அவற்றின் மேல் நாமே பலகை மேடையோ கூண்டோ செய்து பொருத்திக்கொள்ளலாம். மாட்டாஸ்பத்திரியில் மாட்டை நிறுத்திக் கட்டுகிற கம்பிச் சட்டம் இருக்கிறதே, டிரேவிஸ் என்போம், அதைப் போன்ற ஒரு சட்டத்தையே இந்தத் தண்டுகள் மேல் தூக்கி வைத்துவிடலாம். பல கொட்டகைக்கு மாற்றி மாற்றி எடுத்துப் போக வேண்டிய குழுவுக்கு லோடு பார் நல்லது. ஒரே இடத்தில் நிலையாக வைப்பதென்றால் மேடைத் தராசு நல்லது.

வாங்கும்போது ஐந்து விஷயம் கேளுங்கள்.

ஒன்று, எத்தனை கிலோ தாங்கும்? மாடு 400 கிலோ என்பதற்காக 500 கிலோ தராசு வாங்கிவிடாதீர்கள். மாடு மூட்டை மாதிரி சும்மா கிடக்காது. குதிக்கும், முன்னங்காலைத் தூக்கி ஓங்கி வைக்கும். அந்த அடியைத் தராசு தாங்க வேண்டும். மாட்டுக்கு 1,000 கிலோவாவது தாங்குகிற தராசு வேண்டும். ஆட்டுக்கு 150 முதல் 200 கிலோ போதும்.

இரண்டு, எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும்? மாட்டுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோ வித்தியாசம் தெரிந்தால் போதும். ஆட்டுக்கு 100 கிராம், 200 கிராம் தெரிய வேண்டும். ஒரே தராசில் மாட்டையும் நிறுக்கலாம், குட்டியையும் நிறுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கிலோ ஒரு கிலோவாக ஏறுகிற தராசில் இரண்டரைக் கிலோ குட்டியை நிறுத்து என்ன பயன்?

மூன்று, ஆடுகிற மிருகத்தை நிறுக்குமா? மளிகைக்கடைத் தராசில் மாடு ஏறினால் எண் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது. கால்நடைத் தராசு சில விநாடி எடையைச் சராசரி எடுத்து ஒரே எண்ணாக நிறுத்திக் காட்டும். அந்த வசதி இருக்கிறதா என்று கடையிலேயே நீங்கள் மேலே ஏறி நின்று, அசைந்து பாருங்கள்.

நான்கு, உள்ளே பேட்டரி உண்டா? கரண்ட் போகிற நேரம் பார்த்துத்தான் வியாபாரி வருவார். கொட்டகையில் பிளக் பாயிண்டும் இருக்காது.

ஐந்து, மேடையின் மேல்தகடு வழுக்காமல் இருக்கிறதா? ஈரக் குளம்புக்கு வழவழப்பான இரும்புத் தகடு எமன். ஒரு தடவை வழுக்கிய மாடு மறுபடி ஏறாது. ரப்பர் பாய் விரிக்கலாம். ஆனால் பாய் மேடைக்குள்ளேயே அடங்கி இருக்க வேண்டும். ஓரம் தரையைத் தொட்டால் எடை கெடும்.

நான் செய்த தப்பு

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். சில வருஷத்துக்கு முன், நான் வேலை பார்த்த பக்கத்தில் ஒரு கிராமத்தில், பால் மாடும் ஆடும் வைத்திருக்கும் சிலர் பணம் போட்டு ஒரு மாட்டுத் தராசு வாங்கினார்கள். "டாக்டர் ஐயா, எங்கே வைக்கலாம், நீங்களே சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கும் அவசரம். பொதுக் கொட்டகையின் வாசலைக் காட்டி, "இங்கேயே போடுங்க, எல்லா மாடும் இந்த வழியாகத்தானே வெளியே போகுது" என்று சொல்லிவிட்டு வண்டியேறி விட்டேன்.

அந்த வாசல் கழுவுகிற தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்ட இடம். நான் அதைப் பார்க்கவில்லை. மேடையின் ஒரு ஓரம் சிமெண்டுப் படியை ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவிய சாணியெல்லாம் மேடைக்கு அடியில் போய் அடைந்தது. வாசல் கிழக்குப் பார்த்தது. காலையில் நிறுக்கும்போது வெயில் நேராக மாட்டின் கண்ணில் அடித்தது. பின்கதவின் சங்கிலி மேடையில் இல்லாமல் பக்கத்துக் கம்பத்தில் மாட்டியிருந்தது. மாடு பின்னால் சாய்ந்தால் அதன் பாரத்தில் கொஞ்சம் கம்பத்துக்குப் போய்விடும்.

ஒரே பசு, ஒரே காலையில், மூன்று தடவை மூன்று எடை காட்டியது. மாடுகள் ஏற மறுத்தன. வாலை முறுக்கினார்கள், தடியால் அடித்தார்கள். ஒரு சினைப் பசு வழுக்கி முழங்கால் ஊன்றி விழுந்தது. நல்லவேளை, கருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பசுவின் சொந்தக்காரப் பெரியவர் என்னைப் பார்த்து, "உங்க தராசுக்கு என் மாட்டைப் பலி கொடுக்கணுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அதன்பிறகு யாரும் மாடு ஓட்டி வரவில்லை. ஆறு மாதம் தராசின் மேல் வைக்கோலை அடுக்கி வைத்திருந்தார்கள்.

வியாபாரிக்குத்தான் சந்தோஷம். "பார்த்தீங்களா, தராசு பொய் சொல்லுது, என் கை பொய் சொல்லாது" என்று ஊரெல்லாம் சொன்னார். தராசு பொய் சொல்லவில்லை. அதைப் பொய் சொல்லுகிற இடத்தில் வைத்தவன் நான்.

சரியான இடம் எது?

மறுபடி போய், எல்லாரும் சேர்ந்து இடத்தை மாற்றினோம். அப்போது கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

தரை சமமாகவும் அசையாமலும் இருக்க வேண்டும். மண் தரையில் வைத்தால் ஒரு மழைக்கு ஒரு மூலை இறங்கிவிடும். சிமெண்டுத் தளம் போடுங்கள். கொத்தனாரின் ரசமட்டத்தை நான்கு பக்கமும் வைத்துப் பாருங்கள். தளம் சுற்றியுள்ள தரையைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தால் மழைத் தண்ணீரும் சாணித் தண்ணீரும் தேங்காது.

மேடை எதையும் தொடக் கூடாது. சுவர், கம்பி, படி, கதவு எதுவானாலும் மேடைக்கும் அதற்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். நிறுப்பதற்கு முன் ஒரு குச்சியை விட்டுச் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். சாணி, கல், வைக்கோல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். கூண்டுக்குக் கதவு வைத்தால் அந்தக் கதவு கூண்டிலேயே மாட்டப்பட்டிருக்க வேண்டும். வெளிக் கம்பத்தில் சங்கிலி மாட்டக் கூடாது. நிறுக்கும்போது நாமும் கூண்டில் சாயக் கூடாது.

நம் ஊர் மாட்டுக்கு இன்னொன்று. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மேடைக்கு ஏற்றுவோம், நல்லது. ஆனால் ஏற்றிய பிறகு கயிற்றை வெளிக் கம்பத்தில் இழுத்துக் கட்டிவிட்டால், மாடு தலையைத் தொங்கப் போட்டுப் பாரத்தைக் கயிற்றுக்குக் கொடுத்துவிடும். எடை குறையும். கயிற்றைத் தளரவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டாலே போதும்.

மேடைக்கு முன்னால் மாடு நேராக நடந்து வர ஒரு சந்து வேண்டும். இரண்டு மாட்டு நீளம், அதாவது 12 முதல் 15 அடி இருந்தால் போதும். அகலம் பெரிய மாட்டுக்கு இரண்டேகால் முதல் இரண்டரை அடி. அதைவிட அகலமானால் மாடு உள்ளேயே திரும்பிக்கொள்ளும். ஆட்டுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை அடி. மூங்கிலாலேயே கட்டிக்கொள்ளலாம். இரும்புக் குழாய்தான் வேண்டும் என்பதில்லை.

மருந்து கொடுக்கிற சட்டத்துக்கு முன்னால் தராசு இருக்கட்டும். அடைக்கிற பட்டி, பிறகு சந்து, பிறகு தராசு, பிறகு சட்டம், பிறகு வெளிவழி. மாடு சட்டத்துக்குள் போகும்போதே அதற்கு எத்தனை மில்லி மருந்து என்று கையில் கணக்குத் தயாராக இருக்கும். ஊசி வலி கண்ட மாடு சட்டத்துக்குப் பயப்படும், தராசுக்குப் பயப்படாது.

முடிந்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழியில் தராசை வையுங்கள். தாகத்தோடு இருக்கிற மாடு தண்ணீரைப் பார்த்துத் தானாகவே மேடையேறி இறங்கும். தண்ணீர் குடிப்பதற்கு முன் எடை எடுத்ததாகவும் ஆகும். முதல் பத்து நாள் நிறுக்கவே வேண்டாம். சும்மா அதன் மேல் நடந்து பழகட்டும். கொஞ்சம் தவிடு தூவி வையுங்கள்.

மின்சார ஒயரைக் குழாய்க்குள் விட்டு, மாடு மிதிக்காத பக்கமாகக் கொண்டு போங்கள். இல்லாவிட்டால் எலி ஒருநாள், குளம்பு ஒருநாள் அதை முடித்துவிடும். எண் காட்டுகிற பெட்டி நம் கண்மட்டத்தில், நிழலில், மாட்டின் நாக்குக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். இடி மின்னல் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

மாட்டின் கண்ணால் பாருங்கள்

அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்று ஒரு அம்மையார். 1947-இல் பிறந்தவர். மாடுகள் சந்துக்குள் போக ஏன் மறுக்கின்றன என்று கண்டுபிடிக்க, தானே அந்தச் சந்துக்குள் இறங்கி, மாட்டின் கண்மட்டத்தில் நின்று பார்த்தார், போட்டோவும் எடுத்தார். அவர் சொன்னதை இன்றைக்கு உலகமெங்கும் பின்பற்றுகிறார்கள். மாட்டின் கண் பக்கவாட்டில் இருப்பதால் பின்பக்கம் கொஞ்சம் தவிர ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குத் தெரியும். தரையில் விழும் நிழல் கோடு அதற்குப் பள்ளம் மாதிரி இருக்கும். தொங்குகிற சங்கிலி, வேலியில் காய்கிற துண்டு, பளபளக்கும் தகடு, கடகட என்று அதிர்கிற இரும்பு, இதெல்லாம் அதற்குப் பயம். இருட்டுக்குள் போகத் தயங்கும். வெளிச்சத்தை நோக்கி வரும். ஆனால் நேர் வெயில் கண்ணில் அடித்தால் நின்றுவிடும்.

அதனால் நீங்களும் ஒருநாள் உங்கள் சந்துக்குள் குனிந்து நடந்து பாருங்கள். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். கிழக்கு மேற்காக வைக்காமல் தெற்கு வடக்காக வைத்தால் காலை மாலை வெயில் கண்ணில் அடிக்காது. சந்தின் இரண்டு பக்கமும் தென்னந்தட்டியோ சாக்கோ கட்டி மறைத்தால் மாட்டின் கவனம் சிதறாது. எதிரே திறந்த வழி தெரிய வேண்டும். ஓட்டுகிறவர் மாட்டின் தோள்பட்டைக்குப் பின்பக்கமாக நின்றால் அது முன்னே போகும். முன்பக்கமாக நின்றால் பின்னே வரும். இது தெரிந்தால் தடியே தேவையில்லை.

எப்போது, எப்படி நிறுப்பது?

300 கிலோ மாடு ஒரே மூச்சில் 30 லிட்டர் தண்ணீர் குடித்தால் 330 கிலோ காட்டும். அதனால் எப்போதும் ஒரே நேரத்தில், காலையில் தீனிக்கும் தண்ணீருக்கும் முன்னால் நிறுங்கள். போன மாதம் காலையிலும் இந்த மாதம் மாலையிலும் நிறுத்துவிட்டு, "ஏறியிருக்கு, இறங்கியிருக்கு" என்று சொன்னால் அது மாட்டின் எடை இல்லை, தொட்டித் தண்ணீரின் எடை.

ஒவ்வொரு மாட்டுக்கும் முன்னால் காலி மேடையில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். முந்தின மாடு போட்ட சாணியே ஒரு கிலோ இருக்கும். நான்கு காலும் மேடையில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை, எடை தெரிந்த 50 கிலோ மூட்டையை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். நான்கு மூலையிலும் ஒரே எடை வர வேண்டும். வராவிட்டால் தரை இறங்கியிருக்கிறது, அல்லது ஏதோ தொட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு நான்கு மூட்டையையும் சேர்த்து அடுக்கி 200 வருகிறதா என்று பாருங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். மாட்டின் பெயர் அல்லது காதுவில்லை எண், தேதி, எடை. வேறொன்றும் வேண்டாம். மூன்று மாதம் எழுதினால் நோட்டே உங்களோடு பேசும்.

இன்னொரு முக்கியமான விஷயம். வீட்டு உபயோகத்துக்கு நிறுப்பது வேறு. அந்த எடையை வைத்து விலை பேசி விற்பது வேறு. விலைக்கு நிறுக்கும் தராசுக்கு, 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அரசு முத்திரை வேண்டும். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் இதைச் செய்கிறார். மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும். வாங்கும்போதே முத்திரை போடக்கூடிய மாடல்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரையுள்ள தராசை யாரும் "பொய்" என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று

இடம் மாற்றிய தராசின் கதை என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. தளம் போட்டு, ரசமட்டம் பார்த்து, தொட்டிக்குப் போகிற வழியில் தென்வடலாக வைத்தோம். இரண்டு வாரம் மாடுகளை நடந்து பழக விட்டோம். என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெரியவரின் பசுவும் ஒருநாள் காலையில் தானாக ஏறி இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் ஓட்டிக்கொண்டு வந்தார். அதுவே எனக்குப் போதும்.

பிறகு ஆட்டுக்குத் தனியாக ஒரு கூண்டுத் தராசும் வாங்கி, முத்திரை போட்டுப் பக்கத்திலேயே வைத்தார்கள். அந்த ஊரில் கணவரை இழந்த ஒரு அம்மா ஏழெட்டு ஆடு வைத்துப் பிழைக்கிறவர். மகளுக்குக் காலேஜ் பணம் கட்ட வேண்டும் என்று இரண்டு கிடாயை விற்க வந்தார். வியாபாரி இடுப்பைப் பிடித்துப் பார்த்து, "ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோ, அதுக்கு மேல தேறாதும்மா" என்றார். அந்த அம்மா வாதாடவில்லை. "அப்படியே கூண்டுல ஏத்திப் பார்த்துடலாம் அண்ணே" என்றார். ஒன்று 23 கிலோ, இன்னொன்று 22. உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு ஆட்டிலும் சேர்த்து ஒன்பது கிலோவுக்கு 3,600 ரூபாய். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வியாபாரியும் கெட்டவர் இல்லை. தராசைப் பார்த்ததும் எடைக்குத் தகுந்த விலையைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இத்தனை நாள் கேட்பார் இல்லை, அவ்வளவுதான்.

எத்தனை வருஷமாக எத்தனை கிடாயில் இப்படி நாலைந்து கிலோ அந்த அம்மா கையிலிருந்து நழுவிப் போயிருக்கும்? யாருக்கும் தெரியாது. அதில் ஆறு மாதக் கணக்கு என்னுடைய பொறுப்பு. அவசரத்தில் இடம் காட்டிவிட்டு வண்டியேறியவன் நான்தானே.

ஆகவே, விவசாயப் பெருமக்களே, தராசு வாங்குவதற்கு முன் இடத்தைப் பாருங்கள். சமதரை, எதையும் தொடாத மேடை, கண்ணில் வெயில் படாத திசை, மாடு தானாக நடந்து வருகிற வழி. இந்த நான்கும் சரியாக இருந்தால், தராசு உங்கள் பக்கம் நின்று சாட்சி சொல்லும். தனியாக வாங்க முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். வந்து இடம் பார்க்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு வண்டியேற விடாதீர்கள்.